தேர்ட்-பார்ட்டி பிரைம் லென்ஸ் வாங்கலாமா? கடைக்குப் போகும் முன்பும் வாங்கிய பின்பும் செய்ய வேண்டியவை

"அண்ணே, கேனான் லென்ஸ் விலை கட்டுப்படியாகல்ல. சிக்மா எடுக்கட்டா, வில்ட்ராக்ஸ் எடுக்கட்டா, இல்ல பொறுத்திருந்து ஒரிஜினலே வாங்கட்டா?" நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் கல்யாண வேலைக்குப் போகிற தம்பிகள் அடிக்கடி கேட்பது இது. கேமராக் கம்பெனி அல்லாமல் வேறு கம்பெனி செய்வதுதான் தேர்ட்-பார்ட்டி லென்ஸ்; ஜூம் ஆகாமல் ஒரே மி.மீ.யில் நிற்பது பிரைம் லென்ஸ். அடுத்த கேள்வியும் எப்போதும் ஒன்றேதான்: "ஷார்ப்பா இருக்குமா?"

இருக்கும். இன்று விற்கிற பிரைம் லென்ஸ்களில் ஷார்ப்னஸ் இல்லாதது என்று தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். தேர்ட்-பார்ட்டி லென்ஸில் காசு வீணாவது வேறு இடங்களில்: ஃபோகஸ் பிடிக்காமல் போவது, உங்கள் கைக்கு வந்த பீஸ் மட்டும் கோணலாக இருப்பது, ரிப்பேர் வந்தால் அனுப்ப இடமில்லாதது. நம் மாவட்டத்துக்கு உப்புக்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நாலையும் சோதித்துவிட்டால் பிராண்டு பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

முதல் படி: எந்தப் படம் கிடைக்காமல் போகிறது?

லென்ஸ் பார்ப்பதற்கு முன் உங்கள் பழைய படங்களைப் பாருங்கள். கடைசியாகச் செய்த சில வேலைகளின் ஃபோல்டரைத் திறந்து, தள்ளுபடி செய்த படங்கள் ஏன் தள்ளுபடியாயின என்று கவனியுங்கள். இருட்டில் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) ஏறிப் புள்ளி புள்ளியாகப் போனதா? ஆள் அசைந்து மங்கியதா? பின்னணியில் ஃபேனும் பிளாஸ்டிக் சேரும் தெளிவாகத் தெரிந்து படத்தைக் கெடுத்ததா? இந்த மூன்றில் ஒன்றென்றால் பிரைம் லென்ஸ் உதவும்.

கணக்கு எளிது. கேமராவோடு வருகிற 18-55 கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால், வெளிச்சம் நுழையும் திறப்பான அப்பர்ச்சர் எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடினால் திறப்பு சிறிது). அங்கிருந்து எஃப் 1.4 என்பது நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு), அதாவது 16 மடங்கு வெளிச்சம். சாயங்காலப் பூசையில் பங்குக் கோயில் பீடத்தருகே ஐஎஸ்ஓ 6400 வைத்து எடுத்ததை, அதே ஷட்டர் வேகத்தில் 400-இல் எடுக்கலாம். விடியும் முன்னே களைகட்டுகிற தோவாளைப் பூச்சந்தையில் பல்பு வெளிச்சத்தில் பூக்கட்டும் கைகளை எடுக்கிறவருக்கும், பத்மநாபபுரம் அரண்மனையின் மங்கலான மரக்கூடங்களை எடுக்கிறவருக்கும் இதுதான் உண்மையான லாபம்.

ஆனால் உங்கள் ஃபோல்டர் முழுக்க மாத்தூர் தொட்டிப்பாலமும், பேச்சிப்பாறை அணையும், முட்டத்துச் சூரிய அஸ்தமனமும் என்றால் நிறுத்துங்கள். அந்தப் படங்களை எப்படியும் எஃப் 8-இல்தான் எடுப்பீர்கள். எஃப் 8-இல் உங்கள் கிட் லென்ஸுக்கும் புது பிரைமுக்கும் உள்ள வித்தியாசம் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாருக்கும் தெரியாது. அந்தப் பணத்துக்கு ஆடாத டிரைபாட் வாங்குங்கள்.

இரண்டாம் படி: எத்தனை மி.மீ.?

மி.மீ. கூடக்கூட லென்ஸ் தூரத்தில் உள்ளதை அருகே இழுத்துக் காட்டும். ஏபிஎஸ்-சி (முழு ஃப்ரேமைவிடச் சிறிய) சென்சார் கேமராவில் சோனி, நிகான், ஃபூஜிக்கு 1.5-ஆலும் கேனானுக்கு 1.6-ஆலும் பெருக்க வேண்டும். 1.5 என்றால், 30 மி.மீ. முழு ஃப்ரேம் கேமராவின் 45 போலத் தெரியும். 56 என்றால் 84 போல. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிற்க இடம் இருக்கிறதா என்பதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. கேமராவை நட்டக்குத்தாகப் பிடித்து ஒரு ஆளைத் தலை முதல் கால் வரை எடுக்க, 56 மி.மீ.க்குச் சுமார் நாலரை மீட்டர் பின்னால் போக வேண்டும். 30 மி.மீ.க்கு இரண்டரை மீட்டர் போதும். பெண் வீட்டில் அலங்காரம் நடக்கிற அறையில் கட்டில், பீரோ, நாலு அத்தைமார், அவர்கள் பிள்ளைகள் என்று எல்லாம் போக நாலரை மீட்டர் எங்கே கிடைக்கும்? 56-ஐ மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்று எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

செலவில்லாத சோதனை ஒன்று. கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 30-இல் வைத்து செலோடேப் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் அதிலேயே எடுங்கள். அடுத்த வாரம் 50 அல்லது 55. எதில் கை தானாக ஓடியதோ அதுதான் உங்கள் லென்ஸ்.

மூன்றாம் படி: உங்கள் கேமரா இடம் கொடுக்கிறதா?

மவுண்ட் என்பது லென்ஸைக் கேமராவில் மாட்டும் வாய். சோனி இ-மவுண்ட் வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. 2011-லேயே அந்த மவுண்டின் அடிப்படை விவரங்களை மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்கு சோனி திறந்துவிட்டது. அதனால் சிக்மா, டாம்ரான், சாம்யாங், வில்ட்ராக்ஸ் என்று கடல் போலக் கிடக்கிறது. விளையாட்டு, பறவை எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சோனியின் அதிவேகக் கேமரா உடல்களில் தேர்ட்-பார்ட்டி லென்ஸ் போட்டால் தொடர் படமெடுப்பு வினாடிக்கு 15 படத்தோடு நின்றுவிடும். தேரூர்க் குளத்தில் பறவை எடுப்பவருக்கு அது உறுத்தலாம். கல்யாணத்துக்கு 15 தாராளம்.

கேனான் ஆர்எஃப் கதை வேறு. 2018-இல் வந்த அந்த மவுண்டைக் கேனான் பல ஆண்டுகள் பூட்டியே வைத்திருந்தது. 2024-இல்தான் சிக்மாவும் டாம்ரானும் முறையான உரிமத்தோடு ஏபிஎஸ்-சி ஆர்எஃப் லென்ஸ்களை அறிவித்தன. ஆகவே ஆர்50, ஆர்10 வைத்திருப்பவர்கள் சிக்மாவின் எஃப் 1.4 பிரைம்களைத் தைரியமாகப் பார்க்கலாம். நிகான் இசட் உடலுக்கு சிக்மாவின் 16, 30, 56 மூன்றும் 2023-இல் வந்துவிட்டன.

பழைய டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிகான் டி3000, டி5000 வரிசை உடல்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள் மோட்டார் இல்லாத பழைய பிரைமை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால் கையால்தான் திருக வேண்டும்.

உரிமம் இல்லாத கம்பெனிகள் கேமரா பேசும் மொழியைப் பிரித்தறிந்து தங்கள் லென்ஸுக்குச் சொல்லிக்கொடுக்கின்றன. கேமராவுக்குப் புது ஃபர்ம்வேர் (உள்ளே இயங்கும் மென்பொருள்) வந்ததும் அந்தப் பேச்சு சில சமயம் குழறும். எனவே லென்ஸில் யுஎஸ்பி துளை இருக்கிறதா, அந்தக் கம்பெனி உங்கள் கேமரா மாடலுக்கென ஃபர்ம்வேர் வெளியிட்டிருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள். வாங்கிய பிறகும், முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து கேமராவை அப்டேட் பண்ணாதீர்கள்.

நான்காம் படி: ஃபோகஸ் சோதனை

முடிவெடுக்கும் இடம் இதுதான். மற்ற எதிலும் அவசரப்படலாம், இதில் கூடாது.

எஃப் 1.4-இல் 56 மி.மீ. லென்ஸை வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஒரு முகத்தை எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 4 செ.மீ.தான். கண்ணில் ஃபோகஸ் என்றால் காது அவுட். ஃபோகஸ் இரண்டு விரல் அகலம் பின்னே தள்ளினால் கண் போய் கம்மல் தெளிவாக இருக்கும். கேமராவின் சின்னத் திரையில் இது தெரியாது. வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டதும் தெரியும். அதற்குள் தாலி கட்டி முடிந்திருக்கும்.

கடையில் சோதிப்பது இப்படி. உங்கள் சொந்தக் கேமராவோடு போங்கள். கடைக்காரர் கேமராவில் பார்த்துப் பயனில்லை. தொடர் ஃபோகஸும் கண் கண்டறிதலும் போட்டு, அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, ஷட்டர் 1/250 வையுங்கள். கூட வந்தவரை எட்டு மீட்டர் தொலைவிலிருந்து உங்களை நோக்கி நடந்து வரச் சொல்லுங்கள், தேவாலய நடுப்பாதையில் மணப்பெண் நடக்கிற வேகத்தில். வரவர விடாமல் எடுங்கள். பிறகு அதையே கடையின் இருண்ட மூலையில். டியூப்லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 தடவை துடிக்கும், ஆகவே அங்கே 1/100 வைத்தால்தான் வெளிச்சம் படத்துக்குப் படம் மாறாது. இந்த வேகத்தில் நடை கொஞ்சம் மங்கலாம். மெல்ல நடக்கச் சொல்லுங்கள்.

படங்களை நூறு சதவீதம் பெரிதாக்கி இமை முடியைப் பாருங்கள். பத்துக்கு எட்டு தேறினால் கல்யாண வேலைக்கு வாங்கலாம் என்பது என் அளவுகோல். ஆறுக்குக் கீழே என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். நடுவில் என்றால் எஃப் 2-க்கு மூடி இன்னொரு முறை பாருங்கள். அதில் தேறினால், எஃப் 1.4 என்று எழுதியதற்குக் கொடுக்கிற கூடுதல் பணம் உங்களுக்குத் தேவையா என்று யோசிக்கலாம்.

வீடியோ எடுப்பவர்கள் இரண்டு விஷயம் கூடுதலாகப் பார்க்க வேண்டும். ஃபோகஸ் முன்பின் போகும்போது சட்டகமே ஜூம் ஆவது போல விரிந்து சுருங்குகிறதா? மோட்டார் சத்தம் மைக்கில் ஏறுகிறதா? இன்னொன்று: இந்த பிரைம்களில் பெரும்பாலானவற்றில் ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தைச் சமன்செய்யும் வசதி) கிடையாது. சோனி ஏ6400, இசட்வி-இ10, கேனான் ஆர்50, நிகான் இசட்50 இவற்றில் உடலுக்குள்ளும் கிடையாது. கையில் பிடித்து எடுத்தால் ஆட்டம் அப்படியே பதிவாகும்.

7ஆர்ட்டிசன்ஸ், டிடிஆர்ட்டிசன் போன்றவர்களின் மேனுவல் (ஃபோகஸைக் கையால் திருகும்) லென்ஸ்கள் பற்றி ஒரு வார்த்தை. பூ, சந்தை, தெரு, நின்று கொடுக்கிற ஆள் என்று எடுக்க அருமையான பொருள். உலோக உடல், கைக்குள் அடங்கும் அளவு. மாட்டியதும் ஷட்டர் அடிக்கவில்லை என்று கடைக்குத் திருப்பிக்கொண்டு ஓடாதீர்கள். மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் படமெடு' என்ற பொருளில் ஒரு அமைப்பு இருக்கும், அதைப் போட்டால் சரியாகிவிடும். கல்யாணத்துக்கு மட்டும் இதை நம்பிப் போகக் கூடாது.

ஐந்தாம் படி: கன்னியாகுமரிக் கடற்கரையில் ஒரு காலை

லென்ஸ் சோதிக்கச் செங்கல் சுவரைப் படமெடு என்பார்கள். நமக்கு அதைவிட நல்ல சாமான் ஊரிலேயே நிற்கிறது. திருப்பிக் கொடுக்கிற கெடு முடிவதற்குள் ஒருநாள் விடியலில் கன்னியாகுமரி போய்விடுங்கள். வெயில் ஏறினால் கடல்மேல் காற்று நெளிந்து, நல்ல லென்ஸையும் கெட்டது போலக் காட்டும்.

முதலில் கோணல் சோதனை. தேர்ட்-பார்ட்டி லென்ஸில் ஒரே மாடலில் ஒரு பீஸ் நன்றாகவும் இன்னொன்று சுமாராகவும் இருக்கக் காரணம், உள்ளே கண்ணாடிகள் மையம் விலகிப் பொருத்தப்படுவதுதான். கேமராக் கம்பெனியின் சொந்த லென்ஸிலும் இது வரும். மலிவு லென்ஸில் கொஞ்சம் அதிகம் வரும். டிரைபாடில் கேமராவை வைத்து, 133 அடி வள்ளுவர் சிலையைச் சட்டகத்தின் நடுவில் வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றிப் பூட்டுங்கள். இனி அதைத் தொடாமல், சிலை இடது ஓரத்தில் வரும்படி ஒன்று, வலது ஓரத்தில் வரும்படி ஒன்று எடுங்கள். அப்பர்ச்சர் முழுத் திறப்பு, 2.8, 5.6 மூன்றிலும். பிறகு இடது ஓரச் சிலையையும் வலது ஓரச் சிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்லின் இணைப்புக் கோடுகளும் முகத்தின் செதுக்கலும் இரு பக்கமும் ஒரே அளவு மங்கியிருந்தால் அது அந்த லென்ஸின் இயல்பு, விடுங்கள். ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் குழைவு, 5.6-லும் அப்படியே என்றால் பீஸ் கோணல். வாதாடாமல் மாற்றி வாங்குங்கள்.

அடுத்து அடிவானம். கடல் விளிம்பைச் சட்டகத்தின் மேலோரத்தை ஒட்டி வைத்து எடுங்கள். கோடு வளைந்தால் எவ்வளவு வளைகிறது என்று தெரிந்துவிடும். இதை ரா கோப்பில் (கேமரா திருத்தாத மூலப் படக் கோப்பில்), லென்ஸ் திருத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 போன்றவை இந்த வளைவைக் கேமராவின் மென்பொருளே நிமிர்த்திக்கொள்ளட்டும் என்று விட்டு வடிவமைக்கப்பட்டவை. முகம் எடுக்கிறவருக்கு இது பொருட்டே இல்லை. கட்டடம் எடுக்கிறவர் யோசிக்கலாம்.

சூரியன் எழும்பியதும் அதைச் சட்டகத்துக்குள் ஒரு மூலையில் வைத்து, பாறையோரம் நிற்கிற வள்ளத்தையோ ஆளையோ எடுங்கள். படம் முழுக்க வெளுத்துப் போகிறதா, பச்சையும் ஊதாவுமாக வட்டங்கள் விழுகின்றனவா என்று பாருங்கள். விலை வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற இடம் இதுதான். கண்ணாடிப் பூச்சில்தான் மலிவு லென்ஸ்காரர்கள் கையைச் சுருக்குகிறார்கள். ஜன்னலுக்கு எதிரே வெள்ளைக் கவுனில் நிற்கிற மணப்பெண்ணை எடுக்கும்போதும் இதே வெளுப்புதான் வரும். இதில் மிக மோசமாகத் தோற்கிற லென்ஸை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

திரும்பும் வழியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் போக நேர்ந்தால், காற்றாலையின் வெள்ளை இறக்கையை வானத்துக்கு எதிராக முழுத் திறப்பில் எடுத்துப் பாருங்கள். விளிம்பில் ஊதா நிறம் கசிந்தால், சரிகைப் பட்டிலும் அப்படியே கசியும். சிறிது கசிவு எஃப் 1.4 லென்ஸ்களில் சகஜம், மென்பொருளில் போய்விடும். ராத்திரியில் ஏதாவது கோயில் திருவிழா சீரியல் விளக்குகளை ஃபோகஸ் அவுட்டாக்கி எடுத்தால் பின்னணி எப்படி உருகும் என்பதும் தெரியும். வட்டங்களுக்குள் வெங்காயம் நறுக்கியது போல வளையம் வளையமாகத் தெரிவது சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அது ஒரு குறையாகத் தோன்றியதில்லை, கல்யாண வீட்டாரும் கேட்டதில்லை.

ஆறாம் படி: காசுக் கணக்கு

விலைப்பட்டியலை மட்டும் பார்த்தால் தேர்ட்-பார்ட்டிதான் ஜெயிக்கும். விற்கிற நாளையும் சேர்த்துப் பாருங்கள். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: கம்பெனி லென்ஸ் 40,000, இரண்டு வருஷம் கழித்து 28,000-க்குப் போகிறது, இழப்பு 12,000. மற்றது 25,000, விற்கும்போது 14,000, இழப்பு 11,000. கடைசியில் ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் இன்று கையில் மிஞ்சுகிற 15,000-க்கு ஒரு ஃபிளாஷ் வாங்கலாம். அந்த ஃபிளாஷ் வேலை கொண்டுவரும் என்றால் தேர்ட்-பார்ட்டி வாங்குவது புத்திசாலித்தனம். அந்தப் பணம் சும்மா செலவாகிப் போகும் என்றால் கம்பெனி லென்ஸுக்கே பொறுத்திருக்கலாம்.

கம்பெனியே மலிவு பிரைம் விற்கிற இடத்தில் நகல் லென்ஸ் தேவையே இல்லை. கேனான் டிஎஸ்எல்ஆருக்கு 2015-இல் வந்த 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் இருக்கும்போது, அதன் பழைய வடிவத்தைப் பார்த்துச் செய்த யாங்நுவோவை எதற்கு வாங்க வேண்டும்? செகண்ட் ஹேண்டில் எஸ்டிஎம் கிடைத்தால் அதை எடுங்கள். அதே சோனி, நிகான் ஏபிஎஸ்-சி உடல்களில் சிக்மா 30, 56 போல எஃப் 1.4-இல், அந்த விலையில், கம்பெனி லென்ஸ் கிடைப்பது அரிது. அங்கே நான் யோசிக்காமல் சிக்மா என்பேன். வில்ட்ராக்ஸின் புதிய லென்ஸ்கள் கண்ணாடியில் நன்றாகவே இருக்கின்றன. நாலாம் படியில் தேறினால் எடுங்கள்.

சர்வீஸ் எங்கே என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். பெரும்பாலும் நாகர்கோவிலில் இருக்காது. கூரியரில் பெருநகரத்துக்குத்தான் போகும். போய்வர எத்தனை நாள், அந்த நாட்களில் முகூர்த்தம் இருந்தால் கையில் வேறு லென்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் உங்கள் கணக்கில் வர வேண்டும். பில்லில் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டியும் இருக்கட்டும். பில் இல்லாமல் இரண்டாயிரம் குறைக்கிறேன் என்கிறவரிடம், வாரண்டி யார் தருவார் என்று கேட்டுப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை வெட்டில்லாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள்.

முடிந்தால் வாங்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஒரு நிச்சயதார்த்தத்தில் பயன்படுத்திப் பாருங்கள். திருவனந்தபுரமும் பக்கம்தான், அங்கேயும் விசாரிக்கலாம்.

ஏழாம் படி: பழையது வாங்கினால்

மொபைல் டார்ச்சைப் பின்பக்கம் வைத்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள் தெரிந்தால் ஃபங்கஸ். விலை பேசவே வேண்டாம். இரண்டு மூன்று தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் வராது. அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. மவுண்டின் திருகுகளைக் கண்டிப்பாகப் பாருங்கள். குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடப்புறத்தில் உழைத்த லென்ஸ் என்றால் திருகுத் தலையில் துரு எட்டிப் பார்க்கும். வெளியே துரு என்றால் உள்ளே மோட்டார் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எட்டாம் படி: வாங்கியாச்சு, இனி உப்பும் ஈரமும்

மலிவு பிரைம்கள் பலவற்றில் மவுண்டைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்காது. சோனி இ-மவுண்ட் சிக்மாவிலேயே 16-க்கும் 56-க்கும் உண்டு, 30-க்கு இல்லை. கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள்; வண்டிக்குள் ஏறி மாற்றுங்கள். யுவி ஃபில்டர் போட்டு எடுங்கள், ஆனால் விளக்குகளையும் சூரியனையும் நேரே எடுக்கும்போது கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அது தன் பங்குக்கு நிழல் வட்டங்களைச் சேர்க்கும். திரும்பியதும் உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத் துகள் கண்ணாடிப் பூச்சைக் கீறும். முதலில் புளோவரால் ஊதி, பிறகு லேசாக ஈரப்படுத்திய மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, கடைசியாக உலர்ந்த துணி.

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது. லென்ஸைத் தோல்பைக்குள் போட்டு பீரோவில் மாதக்கணக்கில் பூட்டினால் ஃபங்கஸ் தேடி வரும். டிரை கேபினெட் இருந்தால் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். இல்லையா, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஆன்லைனில் கிடைக்கிற சின்ன ஈரப்பதமானி, இது போதும். நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல்லாகப் பார்த்து வாங்கினால், நிறம் மாறியதும் தனியாக ஒதுக்கிய பழைய வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து, ஆறிய பின் திரும்பவும் டப்பாவில் போட்டுக்கொள்ளலாம்.